நேரந்தவறாமையும் மலையகத் தோட்டமும் – ஒரு வரலாற்று நோக்கு

நேரந்தவறாமை எக்காலத்துக்கும் எல்லா மக்களுக்கும் பொதுவானதோர் ஒழுக்கம் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. பாடசாலைப் பருவத்திலிருந்தே நற்பழக்கங்களின் வரிசையில் வைத்துப் போதிக்கப்படுவதால், அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்ற எண்ணம் எவர்க்கும் இலகுவில் எழுவதில்லை. ஆயின், விழுமியங்கள் யாவும் சமூக வாழ்வின் தேவைகளிலிருந்தே முளைக்கின்றன. யார் யாரிடம் நேரந்தவறாமையை எதிர்பார்த்தனர், தவறியவர் எதை இழந்தார், எதிர்பார்த்தவர் தம் பங்கில் நேரந்தவறாது நடந்தாரா ஆகிய வினாக்களை எழுப்பினாலன்றி அதன் பொருளும் பெறுமதியும் விளங்கமாட்டா. இலங்கையில் இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர்க்கு மலையகப் பெருந்தோட்டங்களைவிடப் பொருத்தமான களம் பிறிதில்லை.

கீழைத்தேய மக்கள் நேரத்தின் அருமை அறியாதவர்கள், ஐரோப்பியரே அதனை அவர்களுக்குக் கற்பித்தனர் என்பது குடியேற்ற ஆட்சிக்காலத்தில் வேரூன்றிய ஒரு கருத்தாகும். இன்றும் அதனைத் திருப்பிச் சொல்வோர் நம்மிடையே உளர். இக்கருத்து ஆதாரமற்றது. பண்டைத் தமிழர் பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளை அறுபது நாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு நாழிகை இன்றைய கணக்கில் 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம். துளையுள்ள வட்டிலில் நீர் புகுவதைக் கொண்டு பொழுதளந்து, பாசறையிலிருந்த மன்னனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கர் பற்றிய குறிப்பு முல்லைப்பாட்டிலேயே உண்டு. திருக்குறளில் ‘காலமறிதல்’ தனியோர் அதிகாரமாக அமைந்துள்ளது. ஆனால் அவ்வதிகாரம் வற்புறுத்துவது ஏற்ற காலம் கனியும்வரை பொறுத்திருந்து, அது வாய்த்தவுடன் செயற்படும் திறனையே. காத்திருப்பதும் அங்கே அறிவுடைமையின் ஒரு கூறாகின்றது. பிறரொருவர் குறித்த மணிக்குப் பிறரொருவர் குறித்த இடத்தில் நிற்பது என்ற இன்றைய பொருள் அதில் இல்லை.

திருமண முகூர்த்தத்தையும் கோயில் பூசைக் காலத்தையும் எடுத்துக்கொண்டால், நிமிடம் பிசகாமல் நடக்கும் வழக்கம் நம்மவரிடம் ஆழ வேரூன்றியிருந்தமை புலனாகும். சித்திரை வருடப் பிறப்பன்று வாக்கிய பஞ்சாங்கம் குறித்த நேரத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கம் குறித்த நேரத்துக்குமிடையே வேறுபாடு தோன்றினால், எதனைக் கொள்வது என்று வீடுகளில் விவாதமே நிகழ்வதுண்டு. சிங்கள மக்கள் அதே பண்டிகைக்குச் சுபநேரம் பார்த்து நாடெங்கும் ஒரே நிமிடத்தில் அடுப்பு மூட்டுகின்றனர். அலுவலகத்துக்குத் தாமதமாகச் செல்பவர் அடுப்பு மூட்டத் தாமதிப்பதில்லை. ஆகவே, குறை நேர உணர்வில் அன்று. இன்னது இன்ன நேரத்தில் நடைபெறவேண்டும் என்று விதிப்பவர் யார், அவ்விதியை ஏற்பவர் அதனைத் தமது விதியாகக் கொள்கிறாரா என்பதிலேயே வேறுபாடு தங்கியுள்ளது.

ஐரோப்பாவின் அனுபவமும் இதற்கு மாறானதன்று. கிறித்துவ மடங்களில் மணியோசை கேட்டதும் கைவேலையை விட்டு வழிபாட்டுக்கு விரையவேண்டும் என்பதும், பிந்தி வருபவர் எல்லோருக்கும் கடைசியில் நிற்கவேண்டும் என்பதும் ஆறாம் நூற்றாண்டிலேயே புனித பெனடிக்ரின் ஒழுங்குகளில் விதிக்கப்பட்டிருந்தன. துறவிகள் தாமாக ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு அது. இக்கட்டுப்பாடு கூலித் தொழிலாளரின் மீது இறங்கிய கதையை ஈ. பி. தொம்சன் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர் 1967இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் விரித்துரைத்துள்ளார். உழவரும் மீனவரும் கைவினைஞரும் செய்யவேண்டிய வேலையை அளவாகக் கொண்டு வாழ்ந்தனர்; பால் கறக்கும் பொழுதும் கடல் வற்றும் பொழுதுமே அவர்களின் மணிக்கூடு. ஆலை முதலாளியோ வேலையை அளக்காது நேரத்தை விலைக்கு வாங்கினான். வாங்கிய பொருளில் ஒரு துளியும் சிந்தலாகாது என்பதே அவன் கவலை. இங்கிலாந்தில் 1700ஆம் ஆண்டளவில் குரோலி இரும்பாலையின் சட்டப் புத்தகம் காலை ஐந்து மணி முதல் இரவு எட்டு மணி வரை வேலைநாளை வகுத்தது. மேற்பார்வையாளரின் மணிக்கூட்டை வேறெவரும் திருத்த முடியாதபடி பூட்டி வைக்கவேண்டுமெனவும் விதித்தது. பிற்காலப் பருத்தி ஆலைகள் சிலவற்றில் காலையில் மணிக்கூட்டை முன்தள்ளியும் மாலையில் பின்தள்ளியும் வைத்தார்கள் என்றும், தொழிலாளர் தம்மிடம் கைக்கடியாரம் வைத்திருக்கவே அஞ்சினர் என்றும் தொழிலாளர் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. நேரந்தவறாமையை மிக உரத்துப் போதித்தவர்களே நேரத்தைத் திருடியிருக்கின்றனர்.

இந்த ஆலை நேரம் இலங்கைக்கு வந்தபோது அதற்கெனத் தக்க ஆலைகள் இங்கு இருக்கவில்லை. அது புகையிரதப் பாதையிலும் தோட்டத்திலும் வந்திறங்கியது. கொழும்பிலிருந்து அம்பேபுசை வரையான பாதை 1865இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது; 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் புகையிரதம் எட்டியது. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்லவே முதற்கண் இப்பாதை வெட்டப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளல் தகும். சூரியனைக் கொண்டு கணித்தால் கொழும்பின் நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஏறத்தாழ 5 மணி 19 நிமிடமும், மட்டக்களப்பின் நேரம் அதைவிட ஏழு நிமிடம் வரையிலும் முந்தியதாகும். ஊருக்கு ஊர் வேறுபடும் பொழுதைப் புகையிரத அட்டவணை பொறுத்துக்கொள்ளாது. 1906இல் நாடு முழுவதற்கும் கிரீனிச்சிலிருந்து ஐந்தரை மணி முந்திய பொது நேரம் ஏற்படுத்தப்பட்டது. சூரியன் உதிக்கும் பொழுது அவ்வாண்டிலும் மாறவில்லை. மாறியது அதற்கு மனிதர் இட்ட எண்ணே. (நேரம் அரசாணைக்கு உட்பட்டது என்பதை இத்தீவு பின்னரும் கண்டது. வரட்சியால் மின்சாரத் தட்டுப்பாடு ஏற்பட்ட 1996இல் அரசு மணிக்கூட்டை முன்தள்ளியபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் அம்மாற்றம் ஏற்கப்படவில்லை. 2006இல் பழைய நேரம் மீளும்வரை ஒரு தீவில் இரு நேரங்கள் வழங்கின.)

தோட்டங்களில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் ஆழமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டில் ஓங்கியிருந்த கோப்பிப் பயிர் பருவகாலப் பயிராகும். பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கால்நடையாக வந்தோர், அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பித் தம் வயலைப் பார்க்கலாம் என்ற எண்ணத்துடனேயே வந்தனர். அவர்களின் ஆண்டு இன்னும் உழவரின் ஆண்டாகவே இருந்தது. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் வர்த்தக நோக்குடன் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை நிலம் 1895இல் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியது.

தேயிலைக்குப் பருவமில்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கின்றது. குறித்த நாளில் கிள்ளாவிட்டால் முற்றிவிடும். கிள்ளிய கொழுந்தை உரிய நேரத்தில் தொழிற்சாலைக்குச் சேர்ப்பிக்காவிட்டால் கூடையிலேயே வெந்துபோகும். வாட்டுதல், அரைத்தல், புளிக்கவைத்தல், உலர்த்தல் ஆகிய ஒவ்வொரு படிமுறைக்கும் காலக் கணக்கு உண்டு. புளிக்கும் நேரம் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ சாயமும் சுவையும் கெட்டு, கொழும்பு ஏலத்தில் விலை விழும். எனவே தோட்டத்தில் நிலவிய நேரக் கண்டிப்பு முழுவதையும் துரைமாரின் கொடுமை என்று சொல்லிவிடுவது நேர்மையாகாது. பயிரின் இயல்பிலும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் அக்கண்டிப்பின் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதைப் பயிர் தீர்மானிக்கவில்லை.

நாள்தோறும் கிள்ளவேண்டிய பயிருக்கு நாள்தோறும் நிற்கும் ஆட்கள் வேண்டும். வந்து போனோர் லயங்களிற் குடியிருத்தப்பட்டுத் தோட்டத்தின் நிரந்தர வாசிகளாயினர். அவர்களின் நாள் விடியுமுன் எழும் தப்போசையுடன் தொடங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திற் பாடிய ‘தேயிலைத் தோட்டத்திலே’ கவிதையும் விடியலைத் திடுக்கிடச் செய்யும் அவ்வோசையுடனேயே ஆரம்பமாகின்றது. தப்போசை கேட்டதும் அனைவரும் பிரட்டுக்களத்தில் அணிவகுக்க வேண்டும். ‘பிரட்டு’ என்பது படையணி வகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவமாகும். சொல்லே அங்கு நிலவிய உறவைக் காட்டிவிடுகின்றது. கங்காணி ஆட்களை எண்ணுவான், கணக்கப்பிள்ளை குறிப்பான், துரை அல்லது சின்னத்துரை இன்னின்ன மலைக்கு இன்னின்னார் என்று பிரித்துவிடுவார். பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்படுவதுண்டு. அன்றைய கூலி முழுவதும் அவருக்கில்லை.

தோட்ட வழக்கில் ஒருநாட் கூலிக்கு ‘பேர்’ என்பது பெயர். செக்ரோலில் ஒருவரது பெயருக்கு நேரே அன்றைய நாள் பதியப்படுவதால் அச்சொல் வந்தது போலும். வேலை குறைந்ததாகக் கருதப்பட்டால் ‘அரைப்பேர்’ மட்டுமே விழும். ஒரு மனிதனின் நாளை அவன் பெயராகவும், அவன் பெயரைப் பாதியாக வெட்டக்கூடியதாகவும் காணும் இச்சொல்லாட்சி வேறெங்கும் உண்டோ என்பது ஐயமே.

கங்காணியின் அக்கறைக்கும் காரணம் உண்டு. தன் கணக்கில் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் இத்தனை சதமென அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. லயத்தில் ஒருவர் காய்ச்சலிற் படுத்துவிட்டால் கங்காணியின் வருமானமும் அன்று படுத்துவிடும். ஆட்களை விடியலில் எழுப்பிவிடும் கடுமையை இந்தச் சதக் கணக்கிலிருந்து பிரித்து நோக்க முடியாது. மலையக நாட்டார் பாடல்களிற் கங்காணி இவ்வளவு வசைக்கு ஆளாவதும் வியப்பன்று.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. பிரட்டுக்கு முன்னரே எழுந்து, தண்ணீர் சுமந்து, ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிற் சேர்த்துவிட்டு, அதன் பின்னரே அவள் களத்துக்கு ஓடவேண்டும். மணிக்கூட்டின் கணக்கில் இவ்வேலைகள் எவையும் இல்லை. மாலையில் கொழுந்து நிறுத்து முடியும்வரை நிற்பவளும் அவளே. இவ்வாறிருந்தும் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியினும் குறைவாகவே நெடுங்காலம் இருந்தது, 1984இலேயே சமப்படுத்தப்பட்டது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாட்டின் பொது நேரத்துக்கு ஒரு மணி முந்திய ‘தோட்ட நேரம்’ தனியாக வழங்கி வருகின்றது. பகல் வெளிச்சத்தை முழுமையாகப் பயன்படுத்துவதற்கென அது ஏற்பட்டதாம். வெளிச்சம் முழுமையாகப் பயன்பட்டது உண்மையே.

இவ்வாறு ஒரு நிமிடமும் பிந்தாதவராக ஆக்கப்பட்ட மக்களிடம் தோட்டமும் அரசும் எவ்வாறு நேரங்காத்தன என்பதே எஞ்சியுள்ள வினா. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிய முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிட வழிசெய்தது. வேலை ஒப்பந்த மீறலைக் குற்றமாகக் கருதிய இவ்வேற்பாடு 1921வரை நீடித்தது. தொழிலாளியின் கடனை எழுதி அவனைத் தோட்டத்துடன் பிணைத்த துண்டு முறையும் அவ்வாண்டிலேயே ஒழிந்தது. ஆனால் கூலி? கோப்பி வீழ்ந்த காலத்தில் மாதக்கணக்கான கூலி நிலுவையாகவே நின்றது. இந்நிலையைத் திருத்தவென வந்த 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஒரு மாதக் கூலியை அம்மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்றது. அக்காலத்தில் இது ஒரு முன்னேற்றமே என்பதை மறுத்தற்கில்லை. எனினும், பிரட்டுக்குப் பிந்தியவன் ஒரு நாளை இழக்கும் அதே களத்தில், கூலி இரண்டு மாதம் பிந்துவது சட்டப்படி தாமதமே அன்று என்றாயிற்று. கூலி கைக்கு வரும்வரை வாழக் கடன் வேண்டும். கடன் கங்காணியிடமே கிடைக்கும். கடன்பட்டவன் தோட்டத்தை விட்டு நீங்க முடியாது. ஒரு பக்கத்தின் தாமதம் மறுபக்கத்தின் கட்டாக மாறியது.

1931இல் கோ. நடேசையர் ஹற்றனில் தொழிற்சங்கம் அமைத்தபின், முப்பதுகளின் இறுதியில் தோட்டங்கள் பலவற்றில் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. அரை நூற்றாண்டாக நாளும் ஒரே வேளையில் ஒன்றுகூடிப் பழகியவர்கள், ஒரே காலையில் ஒன்றுகூடாமலிருக்கவும் கற்றுக்கொண்டனர். வெறுமையாகக் கிடந்த பிரட்டுக்களம் துரைமார்க்கு உணர்த்தியதை மனுக்கள் எவையும் உணர்த்தவில்லை. இங்கிலாந்துத் தொழிலாளர் முதலில் மணிக்கூட்டுக்கு அடங்கி, பின்னர் அதே மணிக்கூட்டைக் காட்டிப் பத்து மணி நேர வேலைநாளைக் கேட்டுப் போராடினர் எனத் தொம்சன் கூறுவது இங்கும் ஒருவாறு பொருந்துகின்றது.

சுதந்திரத்தின் பின்னர் காத்திருப்பு வேறு வடிவம் பெற்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுக்கு ஒரு வாயிலைத் திறந்து, அதற்கு ஒரு தவணையும் வைத்தது. 1949 ஆகஸ்ட் 5ஆந் திகதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வதிந்தமையை நிரூபிக்கவும் வேண்டும். ஒவ்வொரு விடியலிலும் செக்ரோலிற் பெயர் பதிந்து வந்த மக்களிடம், ‘நீர் இங்குதான் இருந்தீர் என்பதற்கு ஆதாரம் என்ன?’ என்று அரசு கேட்டது. ஆரம்பத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்தமையும் காலத்தை வீணாக்கியது. அத்தீர்மானத்தின் தகுதி இன்றும் விவாதத்துக்குரியதே. எனினும் தவணை முடிவதற்குள் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

விண்ணப்பிப்பதற்குத் தவணை வைத்த சட்டம், முடிவு கூறுவதற்குத் தவணை எதனையும் வைக்கவில்லை. விசாரணைகள் பத்தாண்டுக்கும் மேலாக இழுபட்டன. ஈற்றில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரைப் பங்கிடவென 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், இதனைப் பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற்றுவதென்றும் அதில் உடன்பாடு காணப்பட்டது. விடுபட்ட 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள 1974இல் இணங்கின. 1979இல் பதினைந்து ஆண்டுகள் முடிந்தன. பணி முடியவில்லை. இரண்டு அரசுகளும் தாமே இட்ட தவணைக்குப் பிந்தின. அதற்காக எவருக்கும் அரைப்பேர் விழவில்லை. இடைக்காலத்தில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறியவர்களுள் இந்தியாவை ஒருபோதும் கண்டிராதவர் பலர்.

1988இல் ஒரு சட்டமும், பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டன. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதியும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசைகளாவர் எனப் பின்னைய சட்டம் கூறியது. 1948இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள். பிரசாவுரிமை பறிபோன ஆண்டில் இருபது வயதினளாய்ப் பிரட்டுக்களத்தில் நின்ற ஒரு பெண், உயிரோடிருந்தால், அச்சட்டம் வந்தபோது எழுபத்தைந்து வயதினள்.